தோற்றுப்போகும் மந்திரவாதிக்கு எத்தனை புள்ளி?

பள்ளி விடுமுறை நாளொன்றில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில், மாணவர் நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மேசைமேல் ஆட்டப் பலகை இல்லை, சீட்டுக்கட்டும் இல்லை. ஆளுக்கொரு தாளும் பென்சிலும் மட்டுமே உள்ளன. நடுவில் மூன்று பகடைகள் கிடக்கின்றன.

“பாலத்தின் நடுவே ஒரு காவலன் வாளோடு நிற்கிறான். நீ என்ன செய்கிறாய்?” என்று ஒருத்தி கேட்கிறாள்.

“திரும்பி ஓடுகிறேன்,” என்கிறான் மந்திரவாதியாகப் பாகமேற்றவன். எல்லாரும் சிரிக்கின்றனர். பகடைகள் உருள்கின்றன.

இவ்வகை ஆட்டத்தைப் பாகமேற்பு விளையாட்டு எனலாம். ஒருவர் கதை நடத்துநராக இருந்து சூழலை விவரிப்பார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக மாறி, தாம் செய்வதைச் சொல்வர். அச்செயல் கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். தாயத்திலும் பரமபதத்திலும் பகடை காயை நகர்த்துகிறது. இங்கோ அது கதையை நகர்த்துகிறது. இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை, கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்டனர்.

வீரனுக்கு விதி எழுதுவது எளிது. வலிமைக்கு ஓர் எண், வாள்வீச்சுக்கு ஓர் எண் கொடுத்தால் போதும். ஆனால், நகைச்சுவை நாவலில் வரும் மந்திரவாதிக்கு எந்த மந்திரமும் பலிப்பதில்லை. அவனுக்கு எத்தனை புள்ளி கொடுப்பது? சிரிப்பை எந்த எண்ணால் அளப்பது?

நாவலிலிருந்து விளையாட்டுக்கு

நாவலின் மந்திரம் விளையாட்டு விதியாக மாறுவது புதிதன்று. ஜாக் வான்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1950-ஆம் ஆண்டில் ‘த டையிங் எர்த்’ என்னும் நூலை வெளியிட்டார். அதில் வரும் மந்திரவாதிகளின் மனத்தில் ஒரே நேரத்தில் சில மந்திரங்களே தங்கும். ஒரு மந்திரத்தைச் சொல்லி முடித்தவுடன் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். மீண்டும் வேண்டுமானால் நூலைத் திறந்து மனனம் செய்ய வேண்டும். கைகேக்ஸ் இக்கருத்தைத் தம் விளையாட்டில் விதியாக்கினார். கதையில் வெறும் விந்தையாக இருந்தது, ஆட்டத்தில் ஒரு கணக்காக மாறியது. கையிருப்பில் உள்ள மந்திரத்தை இப்போது செலவிடுவதா, அடுத்த ஆபத்துக்குச் சேமிப்பதா என்று ஆட்டக்காரர் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

1983-ஆம் ஆண்டில், டெரி பிராட்செட் என்னும் ஆங்கில எழுத்தாளர் ‘த கலர் ஆஃப் மேஜிக்’ என்னும் நகைச்சுவை நாவலை வெளியிட்டார். ‘டிஸ்க்வேர்ல்ட்’ எனப்படும் அவருடைய கற்பனை உலகம் தட்டையான வட்டு வடிவமானது. நான்கு யானைகள் அதைச் சுமக்கின்றன. அந்த யானைகளை ஒரு பேராமை சுமந்தபடி விண்வெளியில் நீந்துகிறது. திசைகளைத் தாங்கும் யானைகளையும் கூர்மத்தையும் பற்றிக் கேட்டு வளர்ந்த தமிழ் மாணவருக்கு இக்காட்சி அந்நியமாக இராது.

அந்நாவலின் நாயகன் ரின்ஸ்விண்ட் என்னும் மந்திரவாதி. உலகைப் படைத்த எட்டுப் பெருமந்திரங்களுள் ஒன்று அவன் மனத்தில் புகுந்து அமர்ந்துகொண்டது. அதற்கு அஞ்சி, வேறு எந்த மந்திரமும் அவன் நினைவில் தங்குவதில்லை. மந்திரம் மனத்தில் இடம் பிடிக்கும் என்னும் பழைய கருத்து இங்கே தலைகீழாகி நகைச்சுவையாகிறது. ரின்ஸ்விண்டுக்குக் கைவந்தவை இரண்டே. ஒன்று, பல மொழிகளைப் பேசுவது. மற்றொன்று, ஆபத்து வருமுன் ஓடிவிடுவது. தான் மந்திரவாதி என்பதைப் பிறர் அறிய, அச்சொல்லைத் தன் தொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். அதிலும் எழுத்துப்பிழை இருக்கிறது.

பிராட்செட் 2015-ஆம் ஆண்டில் காலமானார். அவ்வுலகைப் பற்றி 41 நாவல்கள் எழுதினார்.

குறைக்கும் மதிப்பு உண்டு

டிஸ்க்வேர்ல்டை மேசைக்குக் கொண்டுவரும் நூல் 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட அந்நூலை, பிராட்செட்டும் ஃபில் மாஸ்டர்ஸ் என்பவரும் இணைந்து படைத்தனர். ‘கர்ப்ஸ்’ என்னும் பொது விதிமுறையை அடிப்படையாகக் கொண்டது அது.

கர்ப்ஸ் விதிப்படி ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எண் உண்டு. ஆட்டக்காரர் மூன்று பகடைகளை உருட்டுவார். கூட்டுத்தொகை அவ்வெண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் செயல் கைகூடும். மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. ஓடும் திறனுக்கு 14 என்று எழுதினால், 196 வகைகளில் வெற்றி கிட்டும். வாள்வீச்சுக்கு 6 என்று எழுதினால், 20 வகைகளில் மட்டுமே வெற்றி கிட்டும். இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே போதும்; அந்தக் கதைமாந்தர் வாளை உருவுவாரா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவாரா என்பது விளங்கிவிடும்.

இவ்விதிமுறையின் மற்றொரு பகுதி நகைச்சுவைக்கு இன்னும் பொருத்தமானது. ஒருவர் தம் கதைமாந்தரைக் குறிப்பிட்ட புள்ளிகளைக் கொண்டு உருவாக்குவார். நல்ல திறன்களைப் பெறப் புள்ளிகளைச் செலவிட வேண்டும். குறைகளை ஏற்றுக்கொண்டால் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். கோழைத்தனம், பேராசை, சொன்ன சொல் தவறாத பிடிவாதம் போன்றவை அப்பட்டியலில் உண்டு. புள்ளிகளைப் பெற்ற பிறகு, அக்குறையை மறந்துவிட முடியாது. கோழை என்று தாளில் எழுதியவர், ஆட்டத்தில் அஞ்சித்தான் ஆகவேண்டும். ஆகவே, குறை என்பது ஒரு தண்டனையன்று. கதையைத் திருப்பும் கருவி. நகைச்சுவை நாவலிலும் வாசகர் நினைவில் நிற்பது பெரும்பாலும் கதைமாந்தரின் குறைதான்.

குறைகூட சில வேளைகளில் நிறையாகும் என்பதற்கு அந்நாவல்களில் வரும் நூலகர் நல்ல சான்று. மந்திர விபத்தொன்றில் அவர் ஓராங் ஊத்தானாக மாறிவிடுகிறார். மலாய்மொழியில் ‘காட்டு மனிதன்’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இவ்விலங்கு, சபா, சரவாக் காடுகளில் வாழ்வதை மலேசிய மாணவர் அறிவர். மீண்டும் மனிதனாக மாற நூலகர் மறுத்துவிடுகிறார். நீண்ட கைகள் உயர்ந்த அடுக்குகளில் உள்ள நூல்களை எடுக்க உதவுகின்றன அல்லவா? விதி எழுதுபவர் இவருக்கு வலிமையையும் ஏறும் திறனையும் கூட்டுவார். பேசும் ஆற்றலை நீக்குவார். அப்பாகத்தை ஏற்பவர் “ஊக்” என்னும் ஓரொலியால் மட்டுமே கருத்தைத் தெரிவிக்க முயன்றால், விதியே சிரிப்பை உண்டாக்கிவிடும்.

மந்திரத்தின் கணக்கு

கதைமாந்தரைவிட மந்திரத்துக்கு விதி எழுதுவது கடினம். பிராட்செட்டின் சூனியக்காரிகளுள் மூத்தவரான வெதர்வாக்ஸ் பாட்டி மந்திரத்தை மிக அரிதாகவே பயன்படுத்துவார். தம் கூர்முனைத் தொப்பியைக் கண்டவுடன் மக்கள் என்ன நினைப்பார்கள் என்பதை அவர் அறிவார். அந்த நம்பிக்கையைக் கொண்டே காரியத்தைச் சாதித்துவிடுவார். இவருக்கு நீண்ட மந்திரப் பட்டியல் எழுதினால், அது அவரைப் புரிந்துகொள்ளாததற்கு அடையாளமாகும். மனிதரை அறியும் திறனுக்கும், அஞ்சாமல் பேசும் திறனுக்கும் உயர்ந்த எண்களைத் தருவதே சரி.

மற்றொரு சிக்கல் வாய்ப்புக் கணக்கில் எழுகிறது. டிஸ்க்வேர்ல்டில், பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவுக்கு அரிதான வாய்ப்பு பெரும்பாலும் பலித்துவிடும். கதைகளில் அப்படித்தானே நடக்கிறது? 1989-இல் வெளிவந்த ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ நாவலில், நகரக் காவலர்கள் தம் வாய்ப்பைச் சரியாகப் பத்து இலட்சத்தில் ஒன்றாக்க, தமக்குத் தாமே தடைகளை ஏற்படுத்திக்கொள்கின்றனர். பகடைக்கோ கதை தெரியாது. அதற்குக் கணக்கு மட்டுமே தெரியும். எனவே, ஆட்டக்காரர் தாமாகவே ஒரு வேடிக்கையான தடையை ஏற்றால், கூடுதலாக ஒருமுறை பகடை உருட்டலாம் என்பது போன்ற தனி விதி தேவைப்படும்.

மோடிஃபியஸ் என்னும் நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய புதிய டிஸ்க்வேர்ல்ட் விளையாட்டு, வேறு வழியில் செல்கிறது. அதில் திறனுக்கு எண் இல்லை. கதைமாந்தரின் இயல்பைக் கூறும் சொற்களே உண்டு. அவ்வியல்பு இப்போது எப்படி உதவும் என்பதை ஆட்டக்காரர் எடுத்துரைக்க வேண்டும். விளக்கம் பொருந்துவதைப் பொறுத்து, கதை நடத்துநர் அவருக்குரிய பகடையைத் தேர்ந்தெடுப்பார். கதை நடத்துநர் உருட்டுவதோ எட்டுமுகப் பகடை. எட்டு என்பது டிஸ்க்வேர்ல்டில் மந்திரத்துக்குரிய எண்.

கிள்ளான் ஆற்றங்கரையில் பரமார்த்த குரு

தமிழிலும் இதற்கு ஏற்ற கதை உண்டு. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர், 18-ஆம் நூற்றாண்டில் ‘பரமார்த்த குருவின் கதை’யை எழுதினார். குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனச் சீடர் ஐவர். இவர்களுக்கு விதி எழுதச் சொன்னால், பலரும் ‘அறிவு: 4’ என்று எழுதி முடித்துவிடுவர். அது தவறு.

கதையை மீண்டும் உற்று நோக்கினால் காரணம் தெரியும். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து என்று அவர்கள் நம்புகின்றனர். ஆகவே, கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துச் சோதிக்கின்றனர். ‘சுர்’ என்று ஒலி எழுந்து புகை வரவே, ஆறு விழித்திருக்கிறது என்று முடிவு செய்கின்றனர். ஐயம் எழுந்தது, சோதனை நடந்தது, முடிவு கிடைத்தது. அவர்கள் சிந்திக்காதவர்கள் அல்லர். முதலில் கொண்ட நம்பிக்கைதான் தவறு. அதன்பின் வரும் ஒவ்வோர் அடியும் ஒழுங்காகவே இருக்கிறது. இதுதான் நகைச்சுவையின் வேர். அறிவுக்குக் குறைந்த எண்ணைக் கொடுத்தால், அவர்கள் கண்டபடி தவறு செய்வார்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மாணவர்கள் இக்கதையை ஆட நினைத்தால், இரண்டு விதிகள் போதும். முதல் விதி: சிக்கல் எழும்போது ஒரு சீடர் தவறான காரணமொன்றைக் கூறலாம், அதை மற்றவர் அனைவரும் உண்மையென ஏற்று நடக்க வேண்டும். காரணம் எவ்வளவு ஒழுங்காக விளக்கப்படுகிறதோ, அவ்வளவு பகடைகள் கூடும். இரண்டாம் விதி: எண்ணும்போது எவரும் தம்மைச் சேர்த்து எண்ணக்கூடாது. ஆற்றைக் கடந்தபின் ஒருவரைக் காணோம் என்று சீடர்கள் அழுவதும், வழிப்போக்கன் ஆளுக்கோர் அடி கொடுத்து எண்ணிக் காட்டுவதும் இவ்விதியிலிருந்தே பிறந்துவிடும்.

களத்தையும் அருகிலேயே அமைக்கலாம். குருவும் சீடரும் பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் இரயிலேறி, கிள்ளானில் இறங்குகின்றனர். எதிரே கிள்ளான் ஆறு. அதன்மேல் ஈரடுக்குக் கோத்தா பாலம். கீழ்த்தட்டு நடந்து செல்வோருக்காகக் கட்டப்பட்டது. “பாலத்துக்கு ஏன் இரண்டு தட்டு?” என்று கதை நடத்துநர் கேட்கிறார். “மேல்தட்டு தூங்கும்போது கீழ்த்தட்டு காவல் காக்கும். எது விழித்திருக்கிறது என்று சோதிக்காமல் கால் வைக்கக்கூடாது, குருவே!” என்கிறான் மட்டி. அவனுக்கு ஒரு பகடை கூடுகிறது. வீரமாமுனிவர் எழுதாத காட்சி இது. ஆயினும், அவருடைய சீடர் பேசும் பேச்சுத்தான்.

டிஸ்க்வேர்ல்டின் முதல் நாவலுக்கும் அதன் முதல் விளையாட்டு நூலுக்கும் இடையே 15 ஆண்டுகள் உள்ளன. பரமார்த்த குருவின் சீடர்களோ ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கதைப்புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றனர். ஒரு கதையை ஆட்டமாக மாற்ற விரும்புபவர், முதலில் அதில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாராமல், அது ஏன் சிரிக்க வைக்கிறது என்று ஆராய வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை கண்டவரே கதையை உண்மையில் படித்தவர். பகடையும் பென்சிலும் அதற்குப் பிறகுதான்.