நுரையில் ஒரு போர் விமானம்

எந்த மோட்டார்? எப்படிப் பறப்பது? சுரஞ்சன் தாஸ் சாலை உள்ள ஊரில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல

எச்.எஃப்-24 மாருத் விமானத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எஞ்சினைத் தவிர. ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் 1956ல் பெங்களூருக்கு வந்து, ஒலியைவிட இரு மடங்கு வேகத்தை மனதில் வைத்து வரைந்த போர் விமானம் அது. நம்பியிருந்த பிரிட்டிஷ் ஆர்ஃபியஸ் 12 எஞ்சின் பாதியிலேயே கைவிடப்பட்டது. கிடைத்தது வலு குறைந்த ஆர்ஃபியஸ் 703. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் மாருத்தை முதன்முதலாக மேலேற்றினார். 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் அது நன்றாகவே உழைத்தது. ஆனால் டாங்க் நினைத்த வேகத்தை எட்டவே இல்லை. எஞ்சினுக்குக் கூடுதல் வலு ஊட்டிய மாருத்தை 1970 ஜனவரி 10 அன்று சோதித்தபோது நேர்ந்த விபத்தில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். அவர் பெயரிலான சாலையில் அன்றாடம் நெரிசலில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது சந்தேகமே.

இதே டாங்க் வடிவமைத்து 1939 ஜூனில் முதலில் பறந்த ஃபோக்கேவுல்ஃப் 190, இன்று ரேடியோ கன்ட்ரோல் ரசிகர்களின் செல்லப்பிள்ளைகளில் ஒன்று. ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், தண்டர்போல்ட் போன்றவற்றோடு அதுவும் நுரை வார்ப்பாக அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிறது. பார்வைக்குத் தெர்மகோல் போலிருந்தாலும் இந்த நுரை உதிராது, வளைந்து கொடுக்கும். மூக்கு உடைந்தால் பசை போட்டு ஒட்டி மறுநாளே பறக்கவிடலாம். விலை கூடிய சமாச்சாரம் உள்ளே இருக்கிறது: மோட்டார், அதை ஆட்டுவிக்கும் ஸ்பீடு கன்ட்ரோலர், லித்தியம் பாலிமர் பேட்டரி.

மாருத்துக்கு நேர்ந்தது வலுப் பற்றாக்குறை. நுரை விமானங்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதற்கு நேரெதிர். கடையில் இருப்பதிலேயே முரட்டு மோட்டாரைப் பொருத்திவிட்டு, 80 ஆண்டுப் பழைய போர் விமானத்தைத் தீபாவளி ராக்கெட் போலச் செங்குத்தாக ஏற்றுகிறார்கள். கீழே நிற்பவர்கள் கைதட்டவும் செய்கிறார்கள். பறந்தது ஸ்பிட்ஃபயரா வேறு ஏதாவதா என்று மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. இறக்கை நீளம் 1.2 மீட்டர், எடை 1.2 கிலோ உள்ள விமானத்துக்குக் கிலோவுக்கு 200 முதல் 250 வாட், அதாவது மொத்தம் 240 முதல் 300 வாட் போதும். ஓடி எழும்பும், லூப் அடிக்கும், காற்றை எதிர்த்துத் திரும்பி வரும். 500 வாட் வேண்டும் என்பவர் எடையையும் சேர்த்தே வாங்குகிறார். கனமான மோட்டார், கனமான பேட்டரி, அதன் விளைவாக வேகமான தரையிறக்கம், கடைசியில் உடைந்த சக்கரம்.

வாட் மட்டும் போதாது. மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் கே.வி. என்ற எழுத்துகளைப் பலரும் கிலோவோல்ட் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதைச் சொல்வது. மூன்று செல் பேட்டரியின் 11.1 வோல்ட்டில் 800 கே.வி. மோட்டார் புரொப்பெல்லரைச் சுமந்துகொண்டு நிமிடத்துக்குச் சுமார் 6,700 சுற்று சுற்றும். 11 அங்குல விட்டமும் 7 அங்குலப் பிட்ச்சும் உள்ள புரொப்பெல்லரை மாட்டினால் அது காற்றைத் தள்ளும் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். 1,400 கே.வி. மோட்டாரில் 8க்கு 6 புரொப்பெல்லரை மாட்டினால் அந்த வேகம் 100ஐத் தாண்டும். முன்னது கம்பீரமாக உறுமும். பின்னது கொசு போல் ரீங்கரிக்கும். போர் விமானத்தின் மூக்கில் பெரிய புரொப்பெல்லர் நிதானமாகச் சுற்றுவதுதான் அழகு.

பெங்களூருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி சென்னையைவிட எட்டு ஒன்பது சதவீதம் குறைவு. பெட்ரோல் எஞ்சின் போல மின் மோட்டார் மூச்சுத் திணறாது என்றாலும், புரொப்பெல்லருக்கு அள்ளிப் பிடிக்கக் காற்று குறைவு. மெரினா பக்கம் சாதுவாக இறங்கிய விமானம் இங்கே நாலைந்து சதவீதம் கூடுதல் வேகத்தில் இறங்கியாக வேண்டும். அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கிப் பிடிக்காது. புரொப்பெல்லரின் பிட்ச்சை ஒரு படி கூட்டிச் சமாளிக்கலாம். ஆனால் வாட் மீட்டரை மாட்டி, மோட்டார் இழுக்கும் ஆம்பியரைப் பார்த்த பிறகே செய்ய வேண்டும். 30 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 40 ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்குவது ஆடம்பரமல்ல.

மோட்டார் மாறினால் விமானமே மாறும் என்பதற்கு ஃபோக்கேவுல்ஃப்பே சாட்சி. வட்ட வடிவ பி.எம்.டபிள்யூ எஞ்சினுக்குப் பதில் நீளமான யூமோ 213 பொருத்தியபோது மூக்கு நீண்டுவிட்டது. ஈடுகட்ட வாலுக்கு முன்னால் 50 செ.மீ. துண்டு ஒன்றைச் செருக வேண்டியதாயிற்று. நுரை மாடலில் அந்த வேலையைப் பேட்டரி செய்கிறது. முன்னே பின்னே நகர்த்தி, ஈர்ப்பு மையத்தைக் கையேடு சொல்லும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் சரிபார்க்காமல் கிளப்பிய விமானங்களின் ஆயுள் பெரும்பாலும் அரை நிமிடம்.

பறக்கும் பாணிக்கும் சரித்திரமே வழிகாட்டி. ஸ்பிட்ஃபயரின் பலம் நெருக்கமான திருப்பம். ஃபோக்கேவுல்ஃப்பின் பலம் மின்னல் உருளல். தண்டர்போல்ட் குண்டுக்கல் போலப் பாய்ந்து இறங்கும். லூப் போடுமுன் லேசாகக் கீழே சாய்த்து வேகம் சேர்த்துக்கொண்டு, பெரிய வட்டமாகப் போட வேண்டும். ஏறும்போது சாய்வாக ஏற வேண்டும். முழு த்ராட்டிலில் இருப்பது சில நொடிகள்தான் என்பதால் 2,200 எம்.ஏ.எச். பேட்டரியில் ஆறேழு நிமிடம் பறக்கலாம்.

ஆபத்து இரண்டு இடங்களில் காத்திருக்கிறது. ஓடி எழும்பும்போது த்ராட்டிலைச் சட்டென்று தள்ளினால் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும். மெதுவாகத் தள்ளி, வலது ரட்டர் கொடுக்க வேண்டும். இன்னொன்று, இறங்க வரும் கடைசித் திருப்பம். குறுகிய நுனி இறக்கை கொண்ட இந்த ரகங்கள், வேகம் குறைந்த நிலையில் எலிவேட்டரை இழுத்தால் எச்சரிக்காமல் ஒரு பக்கம் கவிழும். நிஜ ஃபோக்கேவுல்ஃப்புக்கும் அந்தக் கெட்ட பெயர் உண்டு. சக்கரம் தரையைத் தொடும்வரை கொஞ்சம் த்ராட்டில் இருக்கட்டும்.

எங்கே பறப்பது என்பது பெங்களூரில் மோட்டாரைவிடப் பெரிய கேள்வி. எச்.ஏ.எல்., எலஹங்கா, ஜக்கூர், கெம்பேகவுடா என்று நகரைச் சுற்றி ஓடுபாதைகள். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கும் 25 கிலோ வரையிலான மாடல்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று சலுகை தந்தன. ஆனால் வான்வெளிக் கட்டுப்பாட்டில் விலக்கு இல்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். அதற்கும் உள்ளே அனுமதியில்லாமல் கூடாது. அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட்டு நகரைத் தாண்டிக் கிளம்புவதே வழி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று பலமாக இருக்கும். ஒரு கிலோ நுரையை அதில் நேராக இறக்குவது சிரமம். காலை எட்டு மணிக்குள் பறந்து முடித்துவிடுவது நல்லது.