போலீஸ் வேலையை விட்டு இராணுவம் சென்றவர் திரும்பி வரலாமா?

தோட்டப்புறங்களுக்குச் செல்லும்போது, அரசாங்க வேலைகளைப் பற்றி இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் நம்மிடம் பல கேள்விகள் கேட்பதுண்டு. சம்பளம் எவ்வளவு, வயது வரம்பு என்ன, எந்தப் பாடங்களில் தேறியிருக்க வேண்டும் என்பவையே பெரும்பாலும் அக்கேள்விகள். இவற்றுக்கிடையே சற்று மாறுபட்ட ஐயம் ஒன்றும் சில வேளைகளில் எழுகிறது. போலீஸ் படையில் சில ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் இராணுவத்தில் சேர்ந்து, பின்னர் மீண்டும் போலீஸ் படைக்கே திரும்ப விரும்பினால் அவருடைய பழைய இடம் கிடைக்குமா? முன்பு செய்த சேவை வீணாகிவிடுமா?

நம் நாட்டைப் பொறுத்தவரை முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும. கூட்டரசு அரசியலமைப்பின் 132ஆம் விதி, நாட்டின் பொதுச் சேவைகள் எவையெவை என்று வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் ஆயுதப் படை ஒரு சேவை; போலீஸ் படை வேறொரு சேவை. ஆயுதப் படைக்கென 137ஆம் விதி ஒரு மன்றத்தையும், போலீஸ் படைக்கென 140ஆம் விதி ஓர் ஆணையத்தையும் அமைத்துள்ளன. ஆகவே, ஒன்றை விட்டு மற்றொன்றில் சேர்வது ஒரே லயத்தில் வீடு மாறிக் குடியேறுவது போன்றதன்று. தோட்டத்தையே விட்டு வேறு தோட்டத்துக்குப் பெயர் பதிந்து கொள்வதை ஒத்தது. பதவி விலகல் கடிதத்தை எழுதுமுன், முந்தைய சேவைக் காலம் எவ்வாறு கணக்கிடப்படும், ஓய்வூதியம் என்னவாகும், மீண்டும் வர வழியுண்டா என்பவற்றைத் தம் இலாகாவில் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக் கொள்வது நலம். கான்டீனில் நண்பர் சொன்னதை நம்பிக் கடிதம் கொடுப்பது நலமன்று.

இதே கேள்விக்குத் தனிச் சட்டம் இயற்றி விடை கண்ட நாடு அமெரிக்கா. அச்சட்டம் நம் நாட்டில் செல்லாது. எனினும், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால், இக்கேள்விக்குள் எத்தனை சிக்கல்கள் மறைந்துள்ளன என்பது விளங்கும்.

அமெரிக்க இராணுவத்தில் முழு நேரப் படையினரோடு பகுதி நேரப் படையினரும் பெருந்தொகையாக உள்ளனர். இவர்கள் சாதாரண நாள்களில் ஆசிரியராகவும், தச்சராகவும், போலீஸ்காரராகவும் வேலை பார்ப்பர். மாதத்தில் ஒரு வார இறுதியிலும் ஆண்டுதோறும் சுமார் இரண்டு வாரங்களும் இராணுவப் பயிற்சி பெறுவர். அழைப்பு வந்தால் போருக்குப் போவர். சீருடைக்கும் கட்டளைக்கும் பழகிய போலீஸ்காரர்கள் இவ்வாறு சேர்வது அங்கே புதுமையன்று. முழு நேர இராணுவ சேவைக்காகவே போலீஸ் வேலையை விட்டுச் செல்வோரும் உளர்.

இவ்வாறு செல்பவரின் வேலைக்குப் பாதுகாப்பு அளிக்கும் எண்ணம் 1940ஆம் ஆண்டிலேயே அங்குச் சட்டமாயிற்று. இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் மூண்டிருந்த காலம் அது. கட்டாய இராணுவ சேவைக்கு இளைஞர்களை அழைத்த அரசாங்கம், வேலையைப் பறிகொடுத்துவிட்டு நாட்டுக்காகப் போராடும்படி அவர்களைக் கேட்க இயலாது என்று உணர்ந்தது. போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், கப்பல் கட்டும் தளத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உவமையைக் கையாண்டது. திரும்பி வரும் வீரர், தாம் இறங்கிச் சென்ற இடத்தில் மீண்டும் ஏறுவதில்லை. நகரும் படிக்கட்டில் தொடர்ந்து நின்றிருந்தால் எந்த உயரத்தை அடைந்திருப்பாரோ அந்த இடத்தில் காலை வைக்கிறார் என்பதே அது. இன்றும் அந்நாட்டுச் சட்டத்தின் அடிப்படை இதுவேயாகும்.

ஒரு கற்பனை உதாரணத்தால் இதை விளக்குவோம். 2015இல் போலீஸ் வேலையில் சேர்ந்த ஒருவர் 2018இல் இராணுவம் சென்று 2022இல் திரும்புகிறார். மூன்று ஆண்டு சேவை உள்ளவராக அவரைக் கருத இயலாது. அவரோடு 2015இல் சேர்ந்து, எங்கும் போகாமல் இருந்தவருக்கு உள்ள ஏழாண்டு மூப்பும் அதற்குரிய சம்பளப் படியும் இவருக்கும் உரியவை. இடையில் பதவி உயர்வுத் தேர்வு நடந்திருந்தால், திரும்பியபின் அதை எழுத வாய்ப்பளிக்க வேண்டும். ஆனால் நகரும் படிக்கட்டு கீழ்நோக்கியும் செல்லக்கூடும் என்பதை மறத்தலாகாது. அவர் இல்லாத காலத்தில் ஆட்குறைப்பு நடந்து, மூப்பின்படி அவரும் வேலை இழந்திருக்க வேண்டியவரானால், போருக்குப் போனார் என்பதற்காக மட்டும் அவருக்கு இடம் கிடைத்துவிடாது.

இப்போது நடைமுறையில் உள்ள சட்டம் 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தனியார் நிறுவனமாயினும், நகராட்சியாயினும், மாநில அரசாயினும் எல்லா முதலாளிகளையும் அது கட்டுப்படுத்துகிறது. ஊழியர் செய்ய வேண்டியவை சிலவே. ஆயினும் அவற்றில் ஒன்று தவறினாலும் உரிமை கைநழுவிப் போகலாம். புறப்படுமுன் மேலதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். வாய்மொழியாக அறிவித்தாலும் செல்லும் என்கிறது சட்டம். (எழுதிக் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக் கொள்பவரே புத்திசாலி என்பது நம் கருத்து.) அந்த ஒரு முதலாளியிடம் வேலையில் இருந்துகொண்டு இராணுவத்தில் கழிக்கும் காலம் மொத்தத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படலாகாது, பகுதி நேரப் படையினரின் வழக்கமான பயிற்சியும், போர்க்காலத்தில் கட்டாயமாக அழைக்கப்பட்டுச் செய்யும் சேவையும் இக்கணக்கில் சேர்வதில்லை. இராணுவத்திலிருந்து அவமதிப்பான முறையில் நீக்கப்பட்டிருத்தல் கூடாது.

இறுதியாக, உரிய காலத்தில் திரும்ப வேண்டும். இதில்தான் பலர் இடறி விழக்கூடும். முப்பது நாள்கள் வரை போய் வந்தவர், வீடு சேர்ந்து எட்டு மணி நேர ஓய்வுக்குப்பின் வரும் அடுத்த வேலை நாளிலேயே வேலைக்கு வந்துவிட வேண்டும். 31 முதல் 180 நாள்கள் வரை சேவை செய்தவருக்கு விண்ணப்பிக்க 14 நாள்கள் அவகாசம். அதற்கு மேற்பட்டால் 90 நாள்கள். சேவையின்போது காயமுற்றோ நோயுற்றோ தேறிவருபவருக்கு இக்காலம் இரண்டு ஆண்டுகள் வரை நீளலாம்.

போகும்போது, "நான் இனித் திரும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவரின் நிலை என்ன? இளைஞர்கள் புறப்படும் வேகத்தில் இவ்வாறு சொல்வது இயல்பே. அமெரிக்க விதிகள் இதில் தாராள மனத்தோடு நடந்து கொள்கின்றன. சேவை முடியும் முன்பே முடிவெடுக்கும்படி எவரையும் வற்புறுத்த இயலாது. திரும்ப மாட்டேன் என்று முன்பு கூறியிருந்தாலும் பழைய வேலையைக் கேட்கும் உரிமை போய்விடாது. ஓய்வூதியமும் இவ்வாறே. இராணுவத்தில் இருந்த காலம் இடைவெளியாகக் கருதப்படுவதில்லை. ஊழியர் தம் பங்குப் பணத்தைச் செலுத்த வேண்டிய திட்டமாயின், விடுபட்ட தொகையை, சேவைக் காலத்தைப் போல் மூன்று மடங்கு காலத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாமல், கட்டி முடிக்கலாம். 180 நாள்களுக்கு மேல் சேவை செய்து திரும்பியவரைத் தக்க காரணமின்றி ஓராண்டுக்கு வேலைநீக்கம் செய்யவும் இயலாது.

சட்டம் இடத்தைத் திருப்பித் தரலாம்; மனிதர் பழைய மனிதராகவே திரும்புவார் என்பதற்கு எச்சட்டமும் உறுதி கூற இயலாது. ஈராக்கில் சாலையோரக் குண்டுகளுக்கு அஞ்சி நடுச் சாலையில் வேகமாக வாகனம் ஓட்டிப் பழகிய போர்வீரர், தம் ஊர்ச் சாலையில் ரோந்துக் காரை ஓட்டும்போதும் அவ்வாறே செய்ய நேரிடுகிறது. சாலையோரத்தில் கிடக்கும் குப்பைப் பையைக் கண்டு நெஞ்சு படபடக்கிறது. போர்க்களத்தில் எதிரியை முறியடிப்பது கடமை. ஊரில் கலகம் செய்பவனும் குடிமகனே, அவனைப் பத்திரமாகப் பிடித்து நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்வதே கடமை. அந்நாட்டுப் போலீஸ் தலைவர்களின் சங்கம் இச்சிக்கல்களை ஆராய்ந்து, போரிலிருந்து திரும்பும் போலீஸ்காரர்களுக்கென வழிகாட்டி நூல்களை வெளியிட்டது. திரும்பியவர் வேலைக்குத் தகுதி பெறுவதற்குத் தேவையான மறுபயிற்சியை அளிக்க முதலாளி நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது.

உடலே ஒத்துழைக்காவிட்டால்? டெக்சாஸ் மாநிலப் போலீஸ்காரரான லீ ராய் டோரஸ் என்பவரின் வழக்கு இக்கேள்வியில்தான் பிறந்தது. அவர் 1989ஆம் ஆண்டிலேயே பகுதி நேர இராணுவத்தில் சேர்ந்தவர். 2007இல் அழைப்பு வந்து ஈராக்குக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த முகாம்களில் குப்பை கூளங்களைத் திறந்த குழிகளில் கொட்டி எரிப்பது வழக்கம். அப்புகையைச் சுவாசித்த அவர், மூச்சுக் குழல்கள் சுருங்கும் நோயோடு ஊர் திரும்பினார். நற்சான்றோடு இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட அவரால், சாலையில் நின்று குற்றவாளிகளைத் துரத்திப் பிடிக்கும் பழைய வேலையைச் செய்ய இயலவில்லை. தம் உடல்நிலைக்கு ஏற்ற வேறொரு வேலையைத் தரும்படி இலாகாவைக் கேட்டார். அவர் கேட்டது சலுகையன்று. சேவையில் ஊனமுற்றுத் திரும்புபவருக்கு அவரால் செய்யக்கூடிய, தகுதியில் இணையான வேலையைத் தேடித்தர வேண்டும் என்று அச்சட்டமே சொல்கிறது. எனினும் அவர் கேட்ட ஏற்பாடு கிடைக்கவில்லை. அவர் வேலையிலிருந்து விலகினார். பின்னர் வழக்குத் தொடர்ந்தார்.

நோயைப் பற்றிய வாதத்துக்கு முன்பே வேறொரு வாதம் குறுக்கே நின்றது. மாநில அரசின் இசைவின்றி அதன்மீது எவரும் நட்டஈட்டு வழக்குத் தொடர முடியாது என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்துவரும் கோட்பாடு. டெக்சாஸ் மாநிலம் அதையே எடுத்துக் காட்டியது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக் கொண்டது. இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். தனியார் கம்பெனியின் காவலாளி போருக்குப் போய்வந்தால் வழக்குத் தொடரலாம். மாநிலத்தின் போலீஸ்காரர் போய்வந்தால் தொடர முடியாது. சட்டத்தில் உரிமை இருக்கும். அதைக் கேட்டுப் பெற வாசல் இராது.

வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2022 ஜூன் 29ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் டோரஸின் பக்கமும் நால்வர் எதிர்ப்பக்கமும் நின்று தீர்ப்பளித்தனர். மாநிலங்கள் ஒன்றுகூடி ஒரே நாடாக இணைந்தபோதே, படை திரட்டிப் பேணும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்திடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டன; ஆகவே, படைவீரரின் வேலையைக் காக்கும் சட்டத்துக்கு எதிராக அப்பழைய கோட்பாட்டை அவை கேடயமாகப் பிடிக்க முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். அதை எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் பிரையர். அடுத்த நாளே அவர் ஓய்வு பெற்றார். மாநிலங்கள் அவ்வுரிமையை ஒருபோதும் விட்டுக் கொடுக்கவில்லை என்று எதிர்ப்பக்க நீதிபதிகள் வாதிட்டனர். ஒரே ஒரு நீதிபதி மாறி நின்றிருந்தால் அந்நாட்டின் மாநிலப் போலீஸ்காரர்கள் பலருடைய நிலை வேறாகியிருக்கும்.

உச்ச நீதிமன்றம் வாசலைத் திறந்ததேயன்றி வழக்கை முடித்துவிடவில்லை. வழக்கு மீண்டும் டெக்சாஸுக்கே சென்றது. 2023ஆம் ஆண்டில் அங்கே ஜூரிகள் கூடி இரு தரப்பையும் கேட்டு, டோரஸுக்குச் சுமார் 25 இலட்சம் டாலர் நட்டஈடு வழங்க வேண்டும் என்று முடிவு கூறினர். அவர் ஈராக்குக்குப் புறப்பட்டுச் சென்று அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.