பட்டக்காரர் நடத்திய பள்ளிக்கூடம்

காங்கயம் மாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜல்லிக்கட்டும் 2017 மெரினாப் போராட்டமும் வந்துவிடுகின்றன. பாளையக்கோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் வருவதில்லை. அந்த இனம் இன்றைய வடிவத்துக்கு வந்ததில் அவருடைய உழைப்புக்கு இருந்த பங்கை, 1953இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் திமில் மாடுகள் பற்றிய நூலே சொல்கிறது. ஓர் இனத்தோடு ஒரு தனிமனிதரின் பெயர் சேர்ந்து பதிவாவது அபூர்வம். அவரை வள்ளல், ஜமீன் என்று நினைவுகூர்வது எளிது. நான் அவரை வேளாண் ஆசிரியர் என்றே சொல்வேன். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் வந்தது; கோவையில் வேளாண் கல்லூரி 1906இல் வந்தது. கரும்பலகை இல்லாத மூன்றாவது கல்லூரி பாளையக்கோட்டைப் பட்டியில் இருந்தது. அங்கே பாடமாக நின்றவை மாடுகள்.

என்ன பாடம்? காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதம் போல ஆனபின்தான் மயிலை நிறம் ஏறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருக்கும். காயடித்தால் அந்தக் கருமை வெளுக்கும். ஆக, எந்தக் கன்றைப் பூச்சிக்காளையாக, அதாவது பொலிகாளையாக, நிறுத்துவது என்று முடிவெடுப்பவருக்கு நிறம் கைகொடுக்காது. தாயைப் பார்க்க வேண்டும், தாயின் தாயைத் தெரிந்திருக்க வேண்டும், குளம்பின் இறுக்கத்தையும் காலின் நிலையையும் பார்க்க வேண்டும். (சுழி பார்ப்பதும் உண்டு; அதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள், கன்றைச் சுற்றிவந்து பொறுமையாகப் பார்க்க அது ஒரு சாக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள்.) கிளுவை வேலிக்குள், வெள்வேல் நிழலில், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்தே கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கோடையைத் தாண்டுகிற மாடா என்பது அடுத்த தேர்வு. எல்லாவற்றுக்கும் மேல், ஆழக்கிணற்றில் நீரிறைக்கும் கவலையை இழுக்குமா, பாரவண்டியில் மேடு ஏறுமா என்பதே கடைசித் தேர்வு. அழகுக்காக வளர்த்த இனமல்ல இது. வேலைதான் அதற்கு மதிப்பெண் போட்டது.

அந்த வேலையைப் பறித்ததில் நீலகிரிக்கும் பங்குண்டு என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது; மலையில் பிறந்த மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியது. ஆலைகளுக்குப் பின்னால் கிணறுகளுக்கும் போனது. மோட்டார் வந்த கிணற்றில் கவலை ஏற்றத்துக்கு என்ன வேலை? பிறகு குந்தா திட்டம் வந்தது. நீலகிரியின் இத்தலார் கிராமத்துக்குப் பக்கத்து எமரால்டிலேயே அணை நிற்கிறது. கொங்கு உழவரின் தோளையும் முதுகையும் அந்த மின்சாரம் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மாட்டினத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலும் அதோடு கழன்றுபோனது. இத்தலார் பக்கத்திலும் வேறு வழியில் இதே கதைதான். மாடுகளுக்கு உப்புநீர் கொடுப்பதற்கென்றே ‘உப்பு அட்டுவ ஹப்பா’ என்று விழா வைத்திருக்கும் படுகர் ஊர்களான ஹட்டிகளைச் சுற்றி மேய்ச்சல் சரிவெல்லாம் தேயிலையாகிவிட்டது.

பால் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், காங்கயம் பசு கறப்பதைவிடப் பன்மடங்கு ஜெர்சிக் கலப்புப் பசு கறக்கிறது, மலைக்குளிரும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் என் கவலை லிட்டர் கணக்கில் இல்லை, காளையில் இருக்கிறது. ஊருக்கு ஒரு பொலிகாளை நின்ற காலத்தில் அதன் குணமும் குறையும் ஊரார் கண்முன் இருந்தன. அது சரியில்லை என்றால் அடுத்த ஆண்டு வேறு காளை தேடுவார்கள். இன்று உறைவிந்துக் குச்சியில் எந்தக் காளை வருகிறது என்று மாட்டுக்காரருக்குத் தெரியாது, கேட்கும் வழக்கமும் போய்விட்டது. 1940இன் சென்னை மாகாணக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் தரமற்ற காளைகளைக் காயடிக்க வழிசெய்தது. அன்றைக்குப் பிரச்சினை வேண்டாத காளைகள் தெருவில் திரிந்தது. இன்று ஊரில் காளையையே காணோம்.

விந்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமித்து வைத்திருக்கிறோமே, இனம் எப்படி அழியும் என்று அடுத்த கேள்வி வரும். விந்து வங்கி மரபணுவைக் காக்கும். தேர்ந்தெடுக்கும் கண்ணைக் காக்காது. ஒரு காளை நல்லதா என்பது அதன் கன்றுகள் வளர்ந்து, கறந்து, உழைத்த பிறகே தெரியும். அதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஒரே மந்தையை விடாமல் பார்க்கும் ஆள் வேண்டும். நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்கள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் ஆய்வில் எருமைகளின் பெயர்களும், எந்தப் பால்கோயிலுக்கு எந்த மந்தை என்ற வகைப்பாடும் விரிவாக வருகின்றன. எருமைக்குப் பெயர் வைத்துத் தாய்வழியை நினைவில் நிறுத்துவது எழுத்தில்லாத வம்சப் பதிவேடு. எருமைகளும் மேய்ச்சல் நிலமும் குறைய, அந்தப் பெயர்களைச் சொல்லி வைக்கும் அவசியமும் குறைந்துவருகிறது.

ஆகவே மாடு வளர்த்தவருக்குச் சிலையும் விருதும் பொருந்தாத மரியாதை. வேளாண் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு மாணவர்கள் கிராம அனுபவப் பயிற்சிக்குப் போகிறார்கள். அதில் சில வாரங்களைக் காங்கயத்துப் பட்டிகளுக்கும் தோடர் ஊர்களான மந்துகளுக்கும் ஒதுக்கலாம். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தை கூடும்போது அவர்களைத் தரகர்களின் பக்கத்தில் உட்கார வைக்கலாம். பத்துக் கன்றுகளை நிறுத்தி, பூச்சிக்காளைக்கு ஏற்றது எது என்று மாணவர் தனியாகவும் பட்டிக்காரர் தனியாகவும் சொல்லட்டும். இரண்டு பதிலும் எங்கே வேறுபடுகின்றன என்பதைக் கல்லூரி ஆண்டுதோறும் எழுதி வைக்கட்டும். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கன்றுகளைத் திரும்பப் போய்ப் பார்த்தால், யார் சொன்னது சரி என்பதை அவற்றின் கன்றுகளே காட்டிவிடும்.