சாடியிலும் பிறக்கும் புதிய லில்லி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழும்போது, முற்றத்துச் சிவப்பு லில்லிக் கிழங்குகளும் மண்ணோடு அள்ளப்பட்டுப் போகின்றன. முன்னரே கிண்டியெடுத்துச் சாடியில் வையுங்கள். நிறம் மாறாமல் பெருக்கக் கிழங்கின் குட்டி போதும். புது நிறம் வேண்டுமானால் வித்துத்தான் வழி.

குழல் போன்ற தண்டில் பூக்கும் இவ்வகை லில்லிகளில் முதற் கலப்பினத்தை 1799இல் உண்டாக்கியவர் இங்கிலாந்தின் பிரெஸ்கொட் ஊர் மணிக்கூட்டுத் தொழிலாளி ஆர்தர் ஜோன்சன். தாவரவியல் அறிஞரல்லர்! செவ்விதழில் வெண்கோடு ஓடும் அது இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது.

தாய்ப்பூ விரிந்தவுடன், மகரந்தக்கூடுகள் வெடிக்குமுன் கிள்ளிவிடுங்கள். ஓரிரு நாளில் குறி பிசுபிசுக்கும். வேறு நிறப் பூவின் மகரந்தத்தை அதில் தடவி, நூல் கட்டி அடையாளமிடுங்கள். காய் வெடித்ததும் கறுத்த தட்டை வித்துகளை உடனே விதையுங்கள். நாட்பட்டால் முளைப்புக் குறையும். பூக்க இரண்டு மூன்று வருடமாகும்.