துபாய் போனால் ஈ.எஸ்.ஐ. கார்டு கூட வராது!
வைத்தியச் செலவு யார் தலையில்? கையெழுத்துக்கு முன் கேளுங்கள்!

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி, பூந்தமல்லி பக்கத்திலும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பாத தெருவே கிடையாது. பிட்டர், வெல்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், டிரைவர் என்று வீட்டுக்கு ஒருவர் தேறுவார்.

கிளம்புகிறவரிடம் எல்லோரும் கேட்பது மூன்றே கேள்விகள். விசா வந்தாச்சா? டிக்கெட் எப்போ? சம்பளம் எவ்வளவு?

நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. "அங்கே போய் படுத்துக்கிட்டா யாரு பார்க்கிறது?"

"அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும் சார்!" என்பதுதான் வழக்கமான பதில்.

ஏன் இந்த நினைப்பு?

எஸ்டேட்டில் வேலை பார்த்தவருக்கு இந்த நினைப்பு வருவது இயற்கை. காரணம், ஈ.எஸ்.ஐ. மாதம் ரூ.21 ஆயிரம் வரை சம்பளம் வாங்குகிறவர் 100 ரூபாய்க்கு 75 காசு கட்டுகிறார். கம்பெனி ரூ.3.25 கட்டுகிறது. காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரி. பெரிய நோய் என்றால் அயனாவரம் ஆஸ்பத்திரி. மனைவி, பிள்ளைகள், நம்பியிருக்கும் தாய் தகப்பன் எல்லோருக்கும் அதே கார்டுதான்.

வேலையை விட்டு விமானம் ஏறினால் சந்தா நின்றுவிடும். சில மாதங்களில் கார்டின் பலமும் தீர்ந்துவிடும். போனவருக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கும்தான்!

ஊருக்கு ஒரு சட்டம்

வெளிநாட்டில் நிலைமை என்ன? நாட்டுக்கு நாடு வேறுபடும்.

சவுதியில் தனியார் கம்பெனி முதலாளி, தொழிலாளிக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும். துபாயில் 2013-ல் இதற்குச் சட்டம் வந்தது. பணத்தை முதலாளிதான் கட்டவேண்டும். சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.

ஆனால் துபாயில் குறைந்த சம்பளக்காரருக்குக் கிடைப்பது அடிப்படைத் திட்டம். ஆண்டுக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் திர்ஹாம் வரைதான். டாக்டரைப் பார்க்கப் போனால் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளியும் கொடுக்கவேண்டும். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போகலாம். மனைவி மக்களை அங்கே வரவழைத்தால், விசாவுக்குப் பொறுப்பேற்கிறவரே அவர்களுக்கும் இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஆட்களுக்கு முதலாளி எடுக்கவேண்டிய தொகை முன்பு 15 ஆயிரம் வெள்ளி. 2023 ஜூலை முதல் அது 60 ஆயிரம் வெள்ளியாக உயர்ந்தது. பெரிய சம்பளத்தில் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் போகிறவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது!

பிரிட்டன் போகிற சாப்ட்வேர் இளைஞர்கள் விசாவுக்கு மனுப் போடும்போதே வைத்திய வரி கட்டவேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. எத்தனை ஆண்டு விசாவோ, அத்தனைக்கும் மொத்தமாக முன்பணம்.

275 ரூபாய் திட்டம்

மத்திய அரசுக்கும் ஒரு திட்டம் உண்டு. பெயர், பிரவாசி பாரதிய பீமா யோஜனா. 2003-ல் வந்தது. இரண்டு ஆண்டுக்கு ரூ.275, மூன்று ஆண்டுக்கு ரூ.375.

விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ ரூ.10 லட்சம் வரை கிடைக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ரூ.1 லட்சம் வரை. நோயால் வேலைக்கு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பினால் விமானக் கட்டணமும் உண்டு. 2017-ல் செய்த மாற்றத்தின்படி, அங்கே போய் கம்பெனி மாறினாலும் பாலிசி செல்லும்.

இது யாருக்குக் கட்டாயம்? பாஸ்போர்ட்டில் ‘இ.சி.ஆர்.’ முத்திரை உள்ளவர்கள், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் இல்லை.

இங்கேதான் சிக்கல். 10-ம் வகுப்பு தேறியவருக்கு அந்த முத்திரை விழாது. நமது பகுதியில் ஐ.டி.ஐ. முடித்த பிட்டர், டிப்ளமா படித்த சூப்பர்வைசர் எல்லோரும் பத்தாவது தேறியவர்கள்தான். படித்ததாலேயே இந்தக் கட்டாயப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. தானாகத் தேடி எடுத்தால்தான் உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு?

முதலாளி எடுக்கும் இன்சூரன்ஸ் அந்த நாட்டில் வேலை பார்க்கும்வரைதான். வேலை போனால் அதுவும் போச்சு. திருமுல்லைவாயிலில் இருக்கும் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் என்றால் அதிலிருந்து ஒரு காசு வராது.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே குடும்பத்துக்கு இங்கே ஒரு பாலிசி தேவை. அதில் போகிறவர் பெயரையும் சேர்ப்பது நல்லது. முன்பே இருக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு உடனே பணம் கிடைக்காது. 2024 ஏப்ரல் முதல் இந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டு. போகும்போதே பாலிசி ஆரம்பித்தால், மூன்று வருடம் கழித்துத் திரும்பும்போது காத்திருப்பு முடிந்திருக்கும். திரும்பி வந்து எடுத்தால் அன்றுதான் கணக்கு தொடங்கும்!

டூரிஸ்டுகளுக்கு விற்கும் டிராவல் இன்சூரன்ஸை நம்பி வேலைக்குப் போகக்கூடாது. அது சில வாரம், சில மாதம் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறவருக்கு. வியாதியை மறைத்துப் பாரம் நிரப்புவதும் ஆபத்து. பணம் கேட்கும்போது அதையே காட்டித் தட்டிவிடுவார்கள்.

ஏஜெண்டிடம் கேட்கவேண்டியவை

* இன்சூரன்ஸ் யார் எடுக்கிறார்கள்? எந்தத் தேதியிலிருந்து?

* ஆண்டுக்கு எவ்வளவு வரை? கையிலிருந்து எவ்வளவு போடவேண்டும்?

* ஏற்கெனவே உள்ள வியாதி சேருமா?

* சம்பளத்தில் பிடித்தம் உண்டா?

* உயிரோடோ, இல்லையென்றாலோ ஊருக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது?

பதில் வாயால் வந்தால் போதாது. வேலை ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கவேண்டும். பாலிசி நகல் ஒன்று வீட்டில் மனைவி கையிலும் இருக்கட்டும். ஏஜெண்ட் மழுப்பினால் வேறு இடம் பார்க்கலாம். தமிழக அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் அனுப்புகிறது.

பணம் கட்டிய பிறகு கேட்டால் ஏஜெண்ட் சிரிப்பார். கட்டுவதற்கு முன்பு கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!