கிளிமீன் மேய்கிறதா, அகழ்கிறதா?

தோற்றங்கண்டு பெயரிடுதல் மக்கள் வழக்கு. பவளப்பாறைகளில் வாழும் ஒரு மீனின் வாய் கிளியின் அலகை ஒத்திருப்பதால் அதனைக் கிளிமீன் என்கிறோம். மலாய் மொழியில் அது ‘ஈக்கான் பாயான்’. பாயான் என்பதும் கிளியே. ஆயினும் பெயர் மட்டும் போதாது. கேரளச் சந்தைகளில் கிளிமீன் என விற்கப்படுவது முற்றிலும் வேறொரு மீன். ஆகவே பெயரோடு செயலையும் அறிதல் வேண்டும். அச்செயலைக் குறிக்கும் வினைச்சொற்களே இவ்வுரையின் பொருள்.

அலகும் அரைவையும்

கிளிமீனின் அலகு ஒரே எலும்பன்று. நெருங்கிப் பிணைந்த சிறு பற்களின் தொகுதி. ஆராயப்பட்ட ஓர் இனத்தில் ஏறத்தாழ 1000 பற்கள் 15 வரிசைகளாக அமைந்துள்ளன. முன்வரிசை தேய்ந்து உதிர, பின்வரிசை அவ்விடத்திற்கு வருகிறது. கடித்தெடுத்த பாறைத்துகளைத் தொண்டையிலுள்ள இரண்டாம் தாடை மாவாக அரைக்கிறது. இம்மீனுக்கு இரைப்பை இல்லை. அரைபட்டது நேரே குடலுக்குச் செல்கிறது. செரிக்காத சுண்ணாம்பு வெண்மணலாக வெளியேறுகிறது. மாலத்தீவின் வக்காரு தீவைச் சூழ்ந்த பாறைத்திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டிற்கு மேற்பட்டது கிளிமீன்களால் விளைந்தது என 2015இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

எவ்வினைச்சொல் பொருந்தும்?

பாடநூல்கள் பலவும் கிளிமீன் பாசியை ‘மேய்கிறது’ என்கின்றன. மேய்தல் என்றவுடன் புல்வெளியும் மாடும் நினைவில் எழும்; தாவர உண்ணி என்னும் முடிவும் உடன்வரும். ஆனால் கிளிமீன்களுள் சில பாறையின் மேற்பரப்பைச் சுரண்டுகின்றன. வேறு சில பாறையையே ஆழமாக அகழ்கின்றன. கடல் உயிரியலார் இவ்விரு வகையையும் பிரித்தே பேசுகின்றனர். மேலும், 2017இல் கெண்டல் கிளமென்ட்ஸ் முதலான ஆய்வாளர்கள், பெரும்பாலான கிளிமீன்கள் நாடுவது கண்ணுக்குத் தெரியும் பாசியையன்று, பாறையின் மேலும் உள்ளும் வாழும் நீலப்பச்சைப் பாசி முதலிய புரதம் மிக்க நுண்ணுயிர்களையே எனக் கருத்துரைத்தனர். அக்கருத்தின்படி நோக்கினால், பாறையைக் கடிப்பது ஏன் என்பதும் விளங்கும்: உணவு பாறைக்குள்ளேயே இருக்கிறது.

நிறமும் உறக்கமும்

பெயரிடலில் அறிவியலாரும் தடுமாறியதுண்டு. பல இனங்களில் மங்கிய நிறமுடைய பெண்மீன், பின்னர் ஒளிர்நிற ஆணாக மாறுகிறது. இம்மாற்றம் அறியப்படாத காலத்தில், ஒரே இனம் இரண்டு பெயர்களைப் பெற்றது. இரவில் சில இனங்கள் தம்மைச் சுற்றி வழவழப்பான கூடொன்றைச் சுரந்து அதனுள் உறங்குகின்றன. குருதி உறிஞ்சும் சிற்றுயிர்களை அக்கூடு தடுப்பதாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

அழிவா, பணியா?

கிளிமீன்களுள் மிகப் பெரியது, நெற்றி புடைத்த கிளிமீன். 1.3 மீட்டர் வரை வளரும் இதனைச் சபாவின் சிபாடான் தீவருகே கூட்டமாகக் காணலாம். ஒரு மீன் ஆண்டொன்றுக்கு 5 டன்னுக்கு மேற்பட்ட பாறைப்பொருளை உட்கொள்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அது உயிருள்ள பவளத்தையும் தின்கிறது. இதனைப் ‘பவளத்தை அழிக்கும் மீன்’ என ஒரு மாணவர் எழுதினால், பாதி உண்மையே அவர் எழுதியதாகும். கிளிமீன்கள் கொறித்த இடங்களில் பாசி மூடுவது குறைகிறது. இளம்பவளம் பற்றி வளர இடம் கிடைக்கிறது. இதனை உணர்ந்தே பெலிஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிப்பதைத் தடைசெய்தது. நெற்றி புடைத்த இனமோ இரவில் ஆழமற்ற நீரில் கூட்டமாக உறங்குவதால் ஈட்டிக்கு எளிதில் இரையாகிறது. இன்று அது அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் உள்ளது.

‘அழிக்கிறது’ என்னும் சொல்லைக் கற்ற மாணவர் இம்மீனைக் காக்க வேண்டிய காரணத்தைக் காணமாட்டார். ‘மேய்கிறது’ என்பதை மட்டும் கற்றவர் மணல் எங்கிருந்து வந்தது என வினவமாட்டார். சுரண்டுதல், அகழ்தல், அரைத்தல், கழித்தல் என நான்கு வினைகளையும் வரிசையாகக் கற்பித்தால், பாறை மணலாகும் முறை முழுவதும் அவருக்குப் புலப்படும். இச்சொற்கள் யாவும் தமிழில் முன்னரே உள்ளவை. அறிவியல் வகுப்பில் அவற்றை இடமறிந்து ஆளுதல் ஆசிரியர் கடன்.