மடி முட்டாத குட்டி

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் எனும் மேய்ப்பர்கள் செம்மறி மந்தைகளோடு காவிரி டெல்டா வயல்களுக்கு வந்துவிடுவார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் கிடை. ஆண்கள் மந்தையை ஓட்டிப் போனபின் கிடையடியில் மிஞ்சுவது நடக்கமாட்டாத குட்டிகளும் பெண்களும்தான். ஒரு குட்டி மடி முட்டவில்லை, மூக்கில் சளி ஒழுகுகிறது, கழிச்சலில் வாடை மாறியிருக்கிறது என்பதெல்லாம் முதலில் பெண்களின் கண்ணில்தான் படும்.

ஆட்டுக்கொல்லி நோயில் அந்த முதல் பார்வை விலைமதிப்பற்றது. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் என்று தொடங்கிச் சில நாட்களில் மந்தையைச் சாய்த்துவிடும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவானது 1987-ல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே கிடைத்த வைரஸைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. ஒருமுறை போட்டால் 3 ஆண்டுகளாவது காக்கும். 2030-க்குள் உலகிலிருந்தே இந்நோயை ஒழிப்பது இலக்கு.

ஊசி கிடைக்கு வந்து சேர்வதுதான் பெரும்பாடு. மருந்தின் குளிர்ச்சி வழியில் குறையக் கூடாது. கரைத்துவிட்டால் சீக்கிரமே போட்டு முடிக்க வேண்டும். 100 ஆடுகளுக்கான குப்பியைப் பத்து ஆட்டுக்காக உடைக்க எந்த மருந்தகமும் தயங்கும். தன் பங்காக அந்தப் பத்து ஆட்டை வளர்ப்பவள் பெரும்பாலும் பெண். மருந்தகத்துக்கு ஊர்தான் எல்லை. கிடையோ இன்று இந்த வயல், அடுத்த வாரம் வேறு ஊர். குட்டியையும் அடுப்பையும் விட்டு அவளால் தடுப்பூசி முகாமுக்கு நடக்க முடியாது. 1962-க்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும் என்கிறார்கள். அழைக்க வேண்டிய போன் மேய்ச்சலுக்குப் போன கணவரின் மடியில் இருக்கும்.

2011-ல் தமிழக அரசு விலையில்லா ஆடுகளை ஏழைப் பெண்களின் பெயரிலேயே கொடுத்தது. ஆடு அவளுடையது என்று அரசே ஒத்துக்கொண்டது. ஆனாலும் ஆட்டுக்கு நோய் என்றால் "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்கும் வழக்கம் இன்னும் விட்டபாடில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

சுய உதவிக் குழுப் பெண்களைப் பயிற்றுவித்துக் கால்நடைத் துறையோடு இணைக்கும் 'ஏ-ஹெல்ப்' திட்டத்தை மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் குழு என்பது ஓர் ஊரில் நிலையாகக் குடியிருப்பவர்களுக்கு அமைவது. கிடையோடு நடக்கும் ஒருத்திக்கும் அந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும். ஊசி போடுவதும் விடியலில், மந்தை கிளம்பும் முன், கிடை கிடக்கும் வயலிலேயே நடக்க வேண்டும். வந்த டாக்டர் முதலில் அவளிடம் கேட்கட்டும்: "எந்தக் குட்டிம்மா பால் குடிக்கல?" தனியே கூட்டுக்குள் அடைத்து வைத்திருக்கும் குட்டியை அவள் தூக்கி வந்து காட்டுவாள்.